அல்கார்வா, கோஸ்டா டெல் சோலா?

வட இங்கிலாந்தில் நவம்பர் பிறந்துவிட்டால் கோல்ஃப் மைதானங்கள் அடிக்கடி மூடப்படும். திறந்திருக்கும் நாட்களிலும் மட்டைப் பையை வைத்து இழுக்கும் ட்ராலிக்குத் தடை இருக்கும். பந்தைப் போட வேண்டிய குழி இருக்கும் கிரீனுக்குப் பதிலாக, அதற்கு முன்னால் நீளும் புல்வெளியான ஃபேர்வேயில் தற்காலிகமாக ஒரு வட்டம் வெட்டிவைத்திருப்பார்கள். அடித்த பந்து விழுந்த இடத்திலேயே சேற்றில் புதைந்துபோகும். மாலை நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அதனால்தான் இங்கே ஆடுகிறவர்கள் பலர் குளிர்காலம் முடிவதற்குள் ஒரு வாரமாவது தெற்கே பறந்துவிடப் பார்க்கிறார்கள். பேச்சை எடுத்ததும் இரண்டு பெயர்கள் வரும். ஒன்று போர்ச்சுகலின் தென்கரையான அல்கார்வ். மற்றது ஸ்பெயினின் தென்கரையில் மலாகாவை ஒட்டி நீளும் கோஸ்டா டெல் சோல். மான்செஸ்டரிலிருந்து இரண்டுக்குமே சுமார் மூன்று மணி நேரப் பறப்பு.

இரண்டு கரையிலும் ஆடியிருக்கிறேன், இரண்டும் எனக்குப் பிடித்தவை. இருந்தாலும் இந்த ஆண்டுக்கு ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்பதால் வீட்டில் வாரக்கணக்கில் வாக்குவாதம் ஓடியது. போகிறவர்கள் நாலு பேர்: நானும் கணவரும், என் அண்ணனும் அண்ணியும். அண்ணிக்குக் கோல்ஃபில் துளியும் நாட்டம் கிடையாது. அண்ணனுக்குப் போன வருடம் முழங்காலில் ஒரு சின்ன அறுவை சிகிச்சை நடந்தது. சமதளத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் நடக்கலாம், செங்குத்தான ஏற்ற இறக்கம் மட்டும் கூடாது என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருக்கிறார். என் கணவர் எங்கே கூப்பிட்டாலும் வந்துவிடுவார். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அல்கார்வ். ஆனால் எதை வைத்து முடிவு செய்தோம் என்பதுதான் அடுத்துப் போகிறவர்களுக்கு உதவும். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

பயண நிறுவனங்களின் கையேடுகள் இந்த இரண்டு இடங்களையும் ஒப்பிடுகிற முறை எனக்குப் பிடிப்பதில்லை. கோஸ்டா டெல் சோலில் 70க்கு மேல் மைதானங்கள், அல்கார்வில் ஏறத்தாழ 40 என்று எண்ணிக்கையில் தொடங்குவார்கள். ஒரு வாரத்தில் நாலைந்து சுற்று ஆடப்போகிறவருக்கு 70 என்ன, 40 என்ன? அப்புறம் வெயில். வருடத்துக்கு 300 நாள் வெயில் என்று இரண்டு கரையுமே விளம்பரம் செய்கின்றன. ஜனவரியில் பகல் வெப்பம் இரண்டிலும் 16, 17 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். மழைக்காலமும் இரண்டுக்கும் குளிர்காலம்தான். அட்லாண்டிக்கிலிருந்து மேகம் வந்து மூன்று நாள் உட்கார்ந்துவிட்டால் இரண்டு கரைக்கும் ஒரே கதி. பின்னால் மலை நின்று வடகாற்றைத் தடுப்பதால் கோஸ்டா டெல் சோலின் மார்பெல்லாவில் குளிர்காலத்தில் ஓர் இதம் கூடுதல் என்பது உண்மை. அல்கார்வின் மேற்குக் கோடியில் சாக்ரெஷ் பக்கம் போகப்போகக் காற்று பலமாக அடிக்கும் என்பதும் உண்மை. பிப்ரவரிக் கடைசியில் போகிறவருக்கு இதெல்லாம் பெரிய வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் தரையில் இருக்கிறது.

என்னைப் பொறுத்தவரை கோல்ஃப் என்பது நடை. ஒரு முழுச் சுற்றான 18 ஹோல், அதாவது 18 குழி, ஆடி முடித்தால் எட்டு முதல் பத்து கிலோமீட்டர் நடந்திருப்போம். ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் இடையே இருக்கும் அந்த இருநூறு கெஜ நடையில்தான் காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது, கிரீனுக்கு முன்னால் தரை எப்படி இறங்குகிறது என்று புரியும். கூட ஆடுகிறவரோடு பேசுவதும் அப்போதுதான். போன ஷாட்டின் எரிச்சல் அடங்குவதும் அப்போதுதான். பக்கி என்கிற சின்ன வண்டியில் உட்கார்ந்து ஆடும்போது இந்த இடைவெளி காணாமல் போய்விடுகிறது. பந்துக்குப் பந்து வண்டி நிற்கிறது, இறங்கி அடிக்கிறோம், ஏறுகிறோம். நடக்க முடியாதவர்களுக்குப் பக்கி ஒரு வரம், அதில் மறுபேச்சு இல்லை. நடக்க முடிந்தவளை மைதானமே வண்டியில் ஏற்றிவிடுவதுதான் எனக்கு வருத்தம்.

கோஸ்டா டெல் சோலின் நில அமைப்பைப் பார்த்தால் காரணம் தெரியும். மிஹாஸ் மலை, சியெர்ரா பிளாங்கா, சியெர்ரா பெர்மேஹா என்று மலைத்தொடர்கள் கடலுக்கு மிக அருகிலேயே எழும்புகின்றன. இடையில் இருக்கும் தட்டை நிலம் ஒரு மெல்லிய பட்டை. நெடுஞ்சாலையும் ஓட்டல்களும் குடியிருப்புகளும் அந்தப் பட்டையை நிரப்பிவிட்டன. பிந்தி வந்த மைதானங்களில் பல சரிவுகளில் ஏறிப் போக வேண்டியதாயிற்று. மிஹாஸ் பக்கம் லா காலா என்று மூன்று மைதானங்கள் உள்ள இடம் ஒன்று இருக்கிறது. அங்கே டீயில், அதாவது ஒவ்வொரு ஹோலிலும் முதல் அடி அடிக்கிற இடத்தில், நின்று பார்த்தால் பள்ளத்தாக்கும் மலையும் மனதை அள்ளும். ஆனால் ஒரு கிரீனிலிருந்து அடுத்த டீக்குப் போவதற்குள் மூச்சு வாங்கிவிடும். அங்கே பக்கி இல்லாமல் ஆடலாம் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். 2023இல் ஐரோப்பிய, அமெரிக்கப் பெண்கள் அணிகள் மோதும் சோல்ஹெய்ம் கோப்பை நடந்த ஃபின்கா கோர்தெசினும் அப்படித்தான், அழகான மேடு பள்ளம். ஐரோப்பாவும் அமெரிக்காவும் 14-14 என்று சமனில் முடிந்து, கோப்பை ஐரோப்பாவிடமே தங்கிய ஆட்டம் அது. ஸ்பெயினின் கார்லோட்டா சிகான்டா தன் மண்ணிலேயே அமெரிக்காவின் நெல்லி கோர்டாவை வென்று, கோப்பையைத் தக்கவைத்த அந்தப் புள்ளியை எடுத்தார். பெண்கள் கோல்ஃபில் நான் பார்த்த மிகச் சிறந்த கடைசி நாள் அதுதான். தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தபோதே அந்தச் சரிவுகளில் அவர்கள் ஏறுவதைக் கண்டு என் தொடை வலித்தது.

அல்கார்வில் மலை பின்வாங்கி நிற்கிறது. கரையோரப் பட்டை, அதற்குப் பின்னால் சுண்ணாம்புக்கல் மேடுகள், அதற்கும் பின்னால்தான் மலை என்று நிலம் மூன்று படிகளாக இருக்கிறது. விமான நிலையம் இருக்கும் ஃபாரோவுக்கும் அதற்கு மேற்கே அல்புஃபெய்ராவுக்கும் இடையில் மணற்பாங்கான நிலம், அதன் மேல் குடை விரித்த பைன் மரங்கள். மணல் என்பதால் மழை பெய்தாலும் தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடும். கோல்ஃபுக்கு இதைவிட நல்ல தரை கிடைப்பது கடினம். அங்கே விலமோராவின் ஓல்ட் கோர்ஸ் என்ற மைதானம் 1969இல் வந்தது. வடிவமைத்தவர் ஃபிராங்க் பென்னிங்க் என்ற ஆங்கிலேயர். அங்கே பெரிதாக மண்ணைப் புரட்டிப் போட்ட அடையாளமே தெரியாது. பைன்களுக்கு நடுவே நேராக அடிக்கத் தெரிந்தவருக்கு அது வழிவிடும், வளைந்து போகும் பந்தை மரம் பிடித்துக்கொள்ளும். கிரீனிலிருந்து இறங்கினால் அடுத்த டீ பக்கத்திலேயே இருக்கும். காலையில் பிசின் வாசனையோடு, கைட்ராலியை இழுத்துக்கொண்டு அங்கே ஒரு சுற்று நடந்து பாருங்கள். நான் சொல்வது உடனே விளங்கும்.

குயின்டா டோ லாகோவின் சவுத் கோர்ஸும் (1974) அதன் பக்கத்திலேயே இருக்கும் சான் லொரென்சோவும் (1988) இதே மணல் பட்டையில் இருப்பவைதான். சான் லொரென்சோவில் ஆறாவது, ஏழாவது ஹோல்கள் ரியா ஃபொர்மோசா என்ற உப்பங்கழியின் விளிம்பிலேயே போகின்றன. வலப்பக்கம் அலையேறி இறங்கும் சேற்று நிலம், அதில் நண்டு பொறுக்கும் பறவைகள், தூரத்தில் மணல் தீவுகள். அந்த வட்டாரத்து நீர்நிலைகளில் ஊதா நிற நீர்க்கோழி ஒன்று உண்டு. நம் ஊர் ஏரிகளில் பார்க்கிற நீலத் தாழைக்கோழிக்கு மிக நெருங்கிய சொந்தம். போர்ச்சுகலில் ஏறக்குறைய அற்றுப்போக இருந்த அந்தப் பறவை இந்தக் கழிமுகத்தில்தான் பிழைத்துக் கிடந்தது. இன்று அந்த இயற்கைப் பூங்காவின் சின்னமே அதுதான். ஒரு கோல்ஃப் மைதானத்தின் ஓரத்தில் அதைப் பார்ப்பதற்காகவே நான் ஆட்டத்தை நிறுத்திவிட்டு நின்றிருக்கிறேன், பின்னால் வருகிற குழுவை முந்திப் போகச் சொல்லிவிட்டு.

அல்கார்வ் கோல்ஃபின் தொடக்கத்தைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். அதுவே ஒரு வயல்வெளிக் கதை. 1966க்கு முன் அந்தக் கரையில் 18 ஹோல் கோல்ஃப் மைதானமே கிடையாது. போர்டிமாவோவுக்கும் லாகோஸுக்கும் இடையில் பெனினா என்ற இடத்தில் நெல் விளைந்த சதுப்பு நிலம் இருந்தது. அதை ஹென்றி காட்டனிடம் கொடுத்தார்கள். காட்டன் 1934, 1937, 1948 என்று மூன்று முறை பிரிட்டனின் ஓபன் பட்டம் வென்ற ஆங்கிலேய ஆட்டக்காரர். 1934இல் ஒரு சுற்றை அவர் 65 அடியில் முடித்ததை நினைவுகூர்ந்து ஒரு பந்துக்கே டன்லப் 65 என்று பெயர் வைத்தார்கள். தண்ணீர் நிற்கும் தட்டையான நெல் வயலைப் பார்த்த அவர், நீரை உறிஞ்சும் மரங்களைப் பெருமளவில் நட்டு, வாய்க்கால்களை ஆட்டத்தின் பகுதியாக்கி, அந்தக் கரையின் முதல் 18 ஹோலை உருவாக்கினார். இன்று பெனினாவில் நடக்கும்போது இருபக்கமும் உயர்ந்து நிற்கும் மரங்கள் எல்லாம் அன்று நட்டவை. நெல் வயலின் மட்டம் அங்கே இன்னும் காலுக்குத் தெரியும், ஒரு மேடும் இருக்காது. என் அண்ணன் முழங்காலுக்கு இதைவிடப் பொருத்தமான மைதானம் ஐரோப்பாவில் இருக்கிறதா என்று தேடினாலும் கிடைக்காது.

காட்டன் அங்கேயே தங்கிவிட்டார். பசிஃபிகோ என்று ஒரு கழுதை வைத்திருந்தார். அதுதான் அவருக்குக் கேடி, மட்டைப் பையைச் சுமந்துகொண்டு கூடவே நடக்கும். 1987 டிசம்பரில் அவர் இறந்தார். சர் பட்டம் அதற்குப் பிறகுதான் அறிவிக்கப்பட்டது. பெனினாவுக்குப் பக்கத்திலுள்ள மெஷில்யோயெய்ரா கிராண்டே என்ற சிற்றூரின் கல்லறையில் அவர் இருக்கிறார். இங்கிலாந்தின் பெரிய மைதானங்கள் எல்லாம் அவரைக் கொண்டாடிய பின்னும், தான் மண்ணிலிருந்து எழுப்பிய ஒரு மைதானத்தின் பக்கத்திலேயே கிடக்க விரும்பியிருக்கிறார் ஒரு மனிதர். கோல்ஃப் மேல் கொஞ்சமாவது பற்றுள்ள எவரும் அங்கே ஒரு முறை போய்வர வேண்டும் என்பேன்.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல, அண்ணன் ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். வால்டெராமா.

"அங்க ஒரு தடவ ஆடாம நான் மட்டைய கீழ வைக்கமாட்டேன், பாத்துக்கோ."

அவர் ஆசையில் நியாயம் இருக்கிறது. கோஸ்டா டெல் சோலின் மேற்கு முனையில், ஜிப்ரால்டர் பாறை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் சொட்டோகிராண்டே இருக்கிறது. அமெரிக்க வடிவமைப்பாளர் ராபர்ட் ட்ரெண்ட் ஜோன்ஸ் ஐரோப்பாவில் போட்ட முதல் மைதானம் 1964இல் அங்கேதான் வந்தது. பத்தாண்டு கழித்து அதன் அருகில் அவரே போட்ட இன்னொரு மைதானம்தான் இன்றைய வால்டெராமா. 1984இல் அதை ஹைமே ஓர்டிஸ் பட்டீன்யோ வாங்கினார். பொலிவியாவின் வெள்ளீயச் சுரங்கங்களால் உலகப் பணக்காரரான சிமோன் பட்டீன்யோவின் பேரன் அவர். வாங்கியதோடு நிற்காமல் புல் வளர்ப்பையே ஒரு படிப்பாகப் படித்தார். விடிவதற்கு முன்பே மைதானத்தில் ஊழியர்களோடு நிற்பார் என்பார்கள். கார்க் ஓக் மரங்கள் கிளை நீட்டும் அந்த ஃபேர்வேக்களில்தான் 1997இல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் ரைடர் கோப்பை முதன்முறையாக ஐரோப்பியக் கண்டத்தின் மண்ணில் நடந்தது. ஐரோப்பிய அணிக்கு ஸ்பெயினின் செவெ பயஸ்டெரோஸ் கேப்டன். பக்கியில் மைதானம் முழுக்கச் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஆலோசனை சொல்லிக்கொண்டே இருந்தார். முதல் நாள் காலை கொட்டிய மழையில் ஆட்டமே தாமதமாகத்தான் தொடங்கியது. அதுவும் செப்டம்பரில், சூரியக் கடற்கரை என்று பெயர் வைத்துக்கொண்ட இடத்தில்! ஐரோப்பா 14½ - 13½ என்று வென்றது. இரண்டு ஆண்டு கழித்து அங்கே நடந்த போட்டியில் டைகர் உட்ஸ் கடைசிச் சுற்றில் 17ஆவது ஹோலில் கிரீனுக்கு அடித்த பந்து, விழுந்து பின்னோக்கி உருண்டு குளத்துக்குள் போனது. அந்த ஒரு ஹோலில் எட்டு அடித்தும், பிளே-ஆஃபில் மிகேல் ஆன்ஹெல் ஹிமேனெஸை வென்று பட்டத்தை எடுத்தார்.

இதெல்லாம் நடந்த புல்லில் நடப்பது ஒரு பெரிய அனுபவம்தான், நான் மறுக்கவில்லை. வால்டெராமா நடந்தே ஆடக்கூடிய மைதானமும்கூட. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு ஆளுக்கு ஒரு சுற்றுக்குக் கட்டணம் பல நூறு யூரோ. விருந்தினருக்கு நாளில் குறிப்பிட்ட நேரம் மட்டும்தான் ஒதுக்கீடு. அந்த ஒரு நாளுக்காக அங்கே போனால், மீதி நாட்களுக்கு அண்ணனின் முழங்காலுக்கு ஏற்ற மைதானங்களைத் தேட வேண்டும். தேடினால் கிடைக்கும். மலாகா விமான நிலையத்தை ஒட்டி 1925இல் வந்த பராடோர் மைதானம் கடலோரத் தட்டை நிலம். ஹாவியர் அரானா 1959இல் வடிவமைத்த குவாடல்மினா சூர் நடக்க அருமையானது. மார்பெல்லாவுக்குப் பின்னால் கோல்ஃப் பள்ளத்தாக்கு என்று அழைக்கிற நுவெவா அண்டலூசியாவில் லொஸ் நரான்ஹோஸ் இருக்கிறது. அதில் இரண்டாம் பாதி ஆரஞ்சுத் தோப்புக்குள்ளேயே போகும். நடந்து ஆடுகிறவர் கோஸ்டா டெல் சோலுக்குப் போவதாக இருந்தால் மார்பெல்லாவில் தங்காமல் சொட்டோகிராண்டே பக்கம் தங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஜிப்ரால்டருக்கு விமானம் கிடைத்தால் இன்னும் வசதி, இருபது நிமிடம், அரைமணியில் போய்விடலாம். மலாகாவிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும்.

அண்ணனிடம் கடைசியாக நான் வைத்த வாதம் இதுதான்: வால்டெராமாவுக்குப் போவதென்றால் முழங்கால் முழுதாகத் தேறியபின், அதற்கென்றே ஒரு பயணம் போகலாம். வாரத்தின் நடுவில் ஒரு நாளாகச் செருகி, மீதி நாளெல்லாம் வலியோடு உட்கார்ந்திருக்க வேண்டாம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, ஆனா வாக்கு மாறக்கூடாது" என்றார்.

அண்ணியின் விஷயம் வேறு. ஆடாதவருக்கு எந்த ஊர் நல்லது என்று யாராவது பொதுவாகக் கேட்டால், தயங்காமல் மலாகா என்பேன். பிக்காசோ பிறந்த ஊர் அது. 2003இல் திறந்த அவருடைய அருங்காட்சியகம் இருக்கிறது. மூரியர் கோட்டையும் இருக்கிறது. விமான நிலையத்திலிருந்தே ஊருக்குள் போக ரயில் உண்டு, அதே ரயில் எதிர்ப்பக்கம் ஃபுவென்ஹிரோலா வரை கடற்கரையோரமாகப் போகும். அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்தில் கோர்டோபா. கிரனாடாவின் அல்ஹம்ப்ராவுக்கும் காலையில் போய் மாலையில் திரும்பலாம். காரும் கோல்ஃபர்களும் இல்லாமலே ஒருவர் முழு வாரத்தை நிறைவாகக் கழிக்கலாம். அல்கார்வால் இதற்கு ஈடு கொடுக்க முடியாது.

ஆனால் அண்ணி பொதுவான ஆள் இல்லை, தூத்துக்குடிக்காரர். அருங்காட்சியகம் என்றால் ஒரு மணி நேரத்தில் அலுத்துவிடும், மீன் மார்க்கெட் என்றால் அரை நாள் வேண்டும். "நீங்க மூணு பேரும் காலையில போயிட்டா மத்தியானம் வரைக்கும் நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டவரிடம், கிழக்கு அல்கார்வின் வரைபடத்தை விரித்து வைத்தேன். ஃபாரோவிலிருந்து கிழக்கே ஒல்யாவ். அங்கே 1916இல் தண்ணீரோரம் கட்டிய இரட்டைச் செங்கல் கட்டடங்களில் ஒன்று முழுக்க மீன். அதன் பக்கத்துப் படகுத்துறையிலிருந்து கார் இல்லாத மணல் தீவுகளான அர்மோனாவுக்கும் குலாத்ராவுக்கும் படகு போகிறது. இன்னும் கிழக்கே தவீரா, ஊரைச் சுற்றி உப்பளங்கள். வெள்ளைக் குவியல்கள், பாத்திகளில் நிற்கும் பூநாரைகள். தூத்துக்குடியில் வளர்ந்தவருக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. தவீராவை ஒட்டி சாந்தா லுசியா என்று ஒரு மீனவ ஊர். அங்கே பேய்க்கணவாய் பிடிப்பதுதான் தொழில். மண் கலயங்களைக் கயிற்றில் கோத்துக் கடலில் இறக்குவது அங்கே பழைய முறை. ஒளிந்துகொள்ள இடம் தேடும் பேய்க்கணவாய் தானாகவே கலயத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இதைச் சொன்னதும் அண்ணியின் முகத்தைப் பார்க்க வேண்டும். "அதச் சமைக்கிற எடம் எங்க இருக்குனு மட்டும் சொல்லு" என்றார். இந்த ஊர்களில் பலவற்றைக் கரையோர ரயில் தொட்டுக்கொண்டு போவதால் அண்ணி எங்களை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

ஆக, வழக்கமாக ஆங்கிலேயர்கள் தங்கும் விலமோராவை விட்டுவிட்டுத் தவீராவில் தங்குவது என்று ஆயிற்று. இதை யாருக்கும் தாராளமாகப் பரிந்துரைப்பேன். கிழக்குப் பக்கத்தில் விடுதியும் சாப்பாடும் விலை குறைவு. கூட்டமும் குறைவு. கடலைப் பார்த்து, ஆலிவும் கேரப் மரமும் நடுவே நிற்கும் குயின்டா டா ரியா மைதானம் பக்கத்தில்தான். காட்டன் வரைந்து, அவர் இறந்த பின் 2000இல் திறந்த பெனாமோர் மைதானமும் அருகில்தான். ஜேக் நிக்லாஸ் வடிவமைத்த மோன்டே ரெய்தான் இந்தப் பக்கத்தின் பெரிய பெயர். ஆனால் அது மேடு பள்ளம், பக்கியில்தான் ஆட வேண்டும், அதனால் எங்கள் பட்டியலில் இல்லை. மேற்கே விலமோராவுக்கும் பெனினாவுக்கும் போக ஏ22 நெடுஞ்சாலை இருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் அதில் சுங்கக் கட்டணம் எடுக்கப்பட்டுவிட்டது. வாடகைக் கார் எடுத்தவர்களுக்கு அந்த மின்னணுச் சுங்கம் நீண்ட நாள் தலைவலியாக இருந்தது.

கடிகாரத்தையும் பார்க்க வேண்டும், இதை யாரும் சொல்வதில்லை. போர்ச்சுகலின் நேரம் இங்கிலாந்தின் நேரம்தான், ஸ்பெயின் ஒரு மணி முன்னால். டிசம்பரில் மலாகாவில் காலை 8.20க்குத்தான் சூரியன் எழும்பும், மாலை ஆறு வரை வெளிச்சம் இருக்கும். ஃபாரோவில் 7.40க்கு விடிந்து 5.20க்குள் அடங்கிவிடும். மொத்த வெளிச்சம் கிட்டத்தட்ட ஒன்றுதான். சீக்கிரம் எழுந்து ஆடிவிட்டு மதியம் ஊர் சுற்ற நினைப்பவர்களுக்குப் போர்ச்சுகல் நேரம் ஒத்துவரும். மெதுவாக எழுந்து, காப்பி குடித்து, பத்தரைக்கு ஆட்டம் தொடங்க டீ நேரம் வைத்து, இரவு ஒன்பதரைக்குச் சாப்பிடுகிறவர்களுக்கு ஸ்பெயின். அண்ணன் குடும்பம் ஐந்து மணிக்கே விழித்துக்கொள்ளும் குடும்பம்.

தண்ணீரைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனம் வராது. 2024 தொடக்கத்தில் அல்கார்வில் வறட்சி முற்றி, விவசாயத்துக்கு 25 சதவீதம், சுற்றுலா உட்பட நகரப் பயன்பாட்டுக்கு 15 சதவீதம் என்று அரசு நீரைக் குறைத்தது. அதே குளிர்காலத்தில் மலாகாவுக்குக் கிழக்கே லா வின்யுவேலா அணையின் இருப்பு கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது. அதன் பிறகு பெய்த மழை இரண்டு இடத்தையும் காப்பாற்றியது என்றாலும், இந்தக் கரைகள் இனி இப்படித்தான், ஒரு ஆண்டு இருக்கும், ஒரு ஆண்டு இருக்காது. 2019 கோடையில் சென்னையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற குடும்பம் எங்களுடையது. பச்சைப் புல்லில் நடக்கும்போது அது யாருடைய தண்ணீர் என்று கேட்காமல் இருக்க முடியாது. இந்த ஒரு விஷயத்தில் ஸ்பெயின் பக்கம் முந்திக்கொண்டது. கோல்ஃப் மைதானங்கள் சுத்திகரித்த கழிவுநீரில்தான் பாசனம் செய்ய வேண்டும் என்று அண்டலூசியாவில் 2008லேயே விதி வந்துவிட்டது. அல்கார்வில் சில மைதானங்கள் அப்படிச் செய்கின்றன, எல்லாம் இன்னும் செய்யவில்லை. முன்பதிவு செய்யும்போது, "உங்கள் பாசனத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்று எழுதிக் கேட்கிறேன். பதில் தருகிறவர்களுக்கு என் வரிசையில் முதலிடம். ஆடுகிற எல்லோரும் கேட்கத் தொடங்கினால் மாற்றம் வேகமாக வரும் என்று நம்புகிறேன்.

கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, கிரீன்களில் எப்போது துளை போடுகிறார்கள் என்பது. வேருக்குக் காற்றுப் போக வருடத்தில் ஒன்றிரண்டு முறை கிரீன் முழுக்கச் சின்னத் துளைகளிட்டு மணல் தூவுவார்கள். அதற்குப் பின் இரண்டு வாரத்துக்குப் பந்து நேராக உருளாது. வசந்த காலத் தொடக்கம் அதற்கு ஒரு பருவம். எந்தக் கையேட்டிலும் இந்தத் தேதி இருக்காது. மைதானத்துக்கே மின்னஞ்சல் அனுப்பினால் சொல்லிவிடுவார்கள். கூடவே உங்கள் ஆட்டத் திறனைக் காட்டும் ஹேண்டிகேப் சான்றையும் எடுத்து வையுங்கள், நல்ல மைதானங்களில் கேட்பார்கள். மின் ட்ராலி வேண்டுமானால் டீ நேரத்தோடு சேர்த்தே பதிவு செய்துவிட வேண்டும். பக்கிகள் நிறைய இருக்கும், ட்ராலி சில இடங்களில் நாலைந்துதான் இருக்கும், அதிலும் பாட்டரி ஏறியது எத்தனை என்பது காலையில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். அண்ணனுக்கு ஒன்றாவது உறுதியாக வேண்டும் என்று ஒவ்வொரு மைதானத்துக்கும் தனித்தனியாக எழுதியிருக்கிறேன். பெனினாவிலிருந்து பதில் வந்துவிட்டது, மற்ற மைதானங்களோடு திங்கட்கிழமை தொலைபேசியில் பேச வேண்டும்.